பச்சைப் பொட்டுக் கெண்டை

"தூண்டில் எங்க மாப்ள?"

சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸிலும், பிறகு ஷேர் ஆட்டோவிலும் குலுங்கி வந்த கொம்பையா, பிள்ளைப்பாக்கத்து வாடகை வீட்டுக்குள் நுழைந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான். பெற்ற மகள் முத்துச்செல்வியை நலமா என்று கேட்டது கூட இதற்குப் பிறகுதான்.

மருமகன் ஆறுமுகநயினாரின் கண் மூலைமூலையாக ஓடியது. அந்த வீட்டில் கிரைண்டர் இருந்தது, இன்வெர்ட்டர் இருந்தது, யாரும் ஏறாத உடற்பயிற்சி சைக்கிள் கூட இருந்தது. தூண்டில் மட்டும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

"சேக்காளி ஒருத்தன் வாங்கிட்டுப் போயிருக்கான் மாமா."

"சாயந்திரம் திருப்பி வாங்கிருங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஏரிக்குப் போறோம். உங்க அத்தை வீடியோவுல பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா."

"அத்தையுமா?"

"அவ அனுப்பித்தான மாப்ள நான் வந்ததே!"

விஷயம் இதுதான். நயினார், ஒரகடத்தில் கார் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பவன். வாரத்தில் ஆறு நாள் லைன் ஓரமாக நின்று, நகர்ந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் எடுத்துப் புரட்டி, சரியாக இருந்தால் பெயின்ட் மார்க்கரால் ஒரு பச்சைப் புள்ளி வைக்க வேண்டும். ஷிஃப்டுக்குத் தொள்ளாயிரம் புள்ளி. காதுக்குள் எந்நேரமும் பிரஸ் மெஷினின் 'டமார்'. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏரிக்கரைக்குப் போய், ஒரு டீயை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவன் உயிரோடு இருந்தான்.

ஆனால் 'சும்மா உட்கார்ந்திருந்தேன்' என்று மாமியாரிடம் சொல்ல முடியுமா? ஒரு ஞாயிறன்று சொர்ணம்மாள் போனில், "லீவு நாள்ல அந்தப் பொட்டக்காட்டுல என்னதான் செய்தீக?" என்று கேட்க, வாய் முந்திக்கொண்டு, "ஏரியில மீன் புடிச்சேன் அத்தை" என்று சொல்லிவிட்டது. சொன்ன வாயைக் காப்பாற்ற, கரையில் மீன் விற்கும் கங்கம்மாளிடம் ஒரு கெண்டை வாங்கி, செவுளில் விரலை மாட்டித் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்து அனுப்பினான். முத்துச்செல்விக்கும் அதே மீன், அதே கதை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். இதுவரை பதினோரு மீன் ஆகிவிட்டது.

சொர்ணம்மாளுக்கு ஒரே பெண். தன் அப்பா சங்கரன்கோவிலில் வைத்துவிட்டுப் போன உரக்கடையில் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைப்பது என்று கல்யாணப் பந்தலிலேயே முடிவெடுத்துவிட்டாள். நயினாரோ நாலு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, போன மாதம்தான் பெர்மனன்ட் ஆகியிருந்தான். கூப்பிடும்போதெல்லாம், "இங்க ஏரி இருக்கு, காத்து இருக்கு, மீனு இருக்கு, ஒரு குறையும் இல்ல அத்தை" என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை சொர்ணம்மாள் ஸ்பீக்கரில் தீர்ப்புச் சொன்னாள்.

"நாளைக்கு மாப்ள கையால ஒரு கெண்டை ஏறட்டும். கடைப் பேச்சை அத்தோட விட்டுருதேன். ஏறலையா, இதுவரைக்கும் சொன்னது அம்புட்டும் பொய்யி. வேலையை எழுதிக் குடுத்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்து சேருங்க."

"அம்மா, அவருக்கு மீனெல்லாம் கையில ஒட்டிக்கிட்டு வரும்மா" என்றாள் முத்துச்செல்வி பெருமையாக.

தண்ணீர் கேனைச் சாய்க்கப் போன கொம்பையா குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, கேன்ல பச்சையா ஒரு பொட்டு?"

"அது கம்பெனிப் பழக்கம் மாமா. எதையாவது நல்லா இருக்கான்னு பாத்தா, கை தானா ஒரு புள்ளி வச்சிருது."

கொம்பையா வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். கேஸ் சிலிண்டரில் ஒரு புள்ளி. தேங்காயில் ஒரு புள்ளி. புதுத் துடைப்பத்தின் கட்டில் ஒரு புள்ளி.

"ஓஹோ" என்றார்.

நயினார் செருப்பை மாட்டிக்கொண்டு, கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சுப்பராயனின் வீட்டுக்கு ஓடினான். சுப்பராயன் உள்ளூர்க்காரன்.

"இன்னா நைனாரு, மீனு புடிக்கத் தெரியாதா ஒனக்கு? கேன்டீன்ல அந்தப் பீத்து பீத்திக்கினு இருந்த!"

"அதெல்லாம் கங்கம்மாள்கிட்ட வாங்கினதுடே."

சுப்பராயன் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு பரணிலிருந்து ஒரு மூங்கில் தூண்டிலை இறக்கினான். நரம்பு இருந்தது, முள் இருந்தது. தக்கை இல்லை.

"தக்கை எதுக்கு?" என்றான் நயினார்.

"அடப்பாவி! தக்கை முழுவுனாத்தான் மீனு கடிச்சிக்கினு கீதுன்னு தெரியும். இதுகூடத் தெரியாமலா பதினோரு மீனு புடிச்ச?"

பார்ட்ஸ் வரும் அட்டைப் பெட்டியில் கிடந்த வெள்ளை ஃபோம் துண்டு ஒன்றை அறுத்து நயினார் தக்கை செய்தான். வட்டமாக வந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தான். கை தானாக ஒரு பச்சைப் புள்ளி வைத்தது.

"சரி, மீனு கடிக்கலைன்னா?"

"கடிக்கத் தேவல. நான் மீனை எடுத்துக்கினு மேக்கால கோரைக்குள்ள கழுத்தளவு தண்ணில நின்னுக்கறேன். நீ தூண்டிலைக் கோரை ஓரமா போடு. நான் மாட்டி வுட்டு மூணு வாட்டி இஸ்துக்கறேன். நீ தூக்கு. மாமியா பாக்கட்டும். மேட்டர் ஓவர்!"

இருவரும் கங்கம்மாளிடம் போனார்கள். அவள் கணவன் ஏரியில் வலை போடுகிறவன். பிடித்த மீனைப் பெரிய டிரம்மில் உயிரோடு விட்டு வைத்திருப்பாள். நயினார் நாலு கிலோ கட்லாக் கெண்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். கண் தெளிவா, சரி. செவுள் சிவப்பா, சரி. செதில் முழுசா, சரி. 'டொக்'.

"யோவ்!" என்று கத்தினான் சுப்பராயன். "மீனுக்கும் ஓகே போட்டியே!"

வாலில் பச்சையாக மின்னியது. நயினாருக்கு வியர்த்தது. இப்போதுதான் மாமா கேனைக் காட்டிக் கேட்டார். நாளை ஏரிக்குள்ளிருந்து வரும் மீனின் வாலிலும் அதே புள்ளி இருந்தால்?

சோப்புப் போட்டார்கள். போகவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்தார்கள். புள்ளி இன்னும் பளபளத்தது. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்ததில் செதில் போனது, புள்ளி போகவில்லை. கம்பெனி பெயின்ட், கொதிக்கிற எண்ணெயிலேயே அழியாதது.

"இன்னாபா, மீனைக் குளிப்பாட்டிக்கினு கீறீங்க? பொண்ணு பாக்கக் கூட்டினு போறீங்களா?" என்று கேட்டாள் கங்கம்மாள்.

வேறு வழியில்லாமல் நயினார் எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் சுப்பராயன் கத்தரிக்கோலை வாங்கி, புள்ளி இருந்த வால் நுனியையே 'கறக்'கென்று வெட்டிவிட்டான். அரை வாலோடு கட்லா அவன் வீட்டு டிரம்முக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிறு விடிந்தது. கொம்பையா டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர், ஒரு மணி நேரம் கழித்து முழங்கால் வரை ஈர வேட்டியோடு வந்தார்.

"என்னப்பா இது?" என்றாள் முத்துச்செல்வி.

"கரையில வழுக்கிட்டும்மா."

ஒன்பது மணிக்கு மூவரும் ஏரிக்குப் புறப்பட்டார்கள். முத்துச்செல்வி எலுமிச்சைச் சாதமும், இரைக்கென்று கோதுமை மாவு உருண்டையும் எடுத்துக்கொண்டாள். நயினார் நேராக மேற்குப் பக்கத்துக் கோரையைப் பார்த்து நடந்தான். கொம்பையா கிழக்கே திரும்பிவிட்டார்.

"மாமா, மீனு இந்தப் பக்கம்தான்."

"காத்து இந்தப் பக்கம்லா மாப்ள வருது."

"அங்கதான் நான் எப்பவும்..."

"மீனுக்கு என்ன, ஒரே தண்ணிதான? இங்கன வராதாக்கும்?" என்று சொல்லிக் கிழக்குக் கோரை ஓரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

நயினார் போனை எடுத்து, இடம் மாறிய விஷயத்தைச் சுப்பராயனுக்குச் சொல்லப் பார்த்தான். அதற்குள் அங்கிருந்தே ஒரு குரல் செய்தி வந்திருந்தது. கொஞ்சம் தள்ளிப் போய்க் காதில் வைத்துக் கேட்டான்.

"நைனாரு, தப்பா நெனச்சிக்காத. பிளான்ட்ல லைன் நின்னுபோச்சாம், சூப்பர்வைசர் ஓடியாங்கறாரு. நான் டூட்டிக்கு வந்துட்டேன். மீனை வூட்லயே வுட்டுட்டு வந்தேன். இப்பதான் அம்மா போன் பண்ணாங்க. வாலு இல்லாத மீனு எத்தினி நாளு உசுரோட இருக்கும்னு கொயம்பு வெச்சிட்டாங்களாம். ஒரு டிபன் எடுத்து வெக்கச் சொல்லவா?"

நயினாரின் காலடியில் ஏரிக்கரையே நழுவியது. இப்போது கையில் மீனும் இல்லை, கோரைக்குள் ஆளும் இல்லை. அவனும் தூண்டிலும் மட்டும்தான்.

வந்து உட்கார்ந்து, மாவு உருண்டையை முள்ளில் குத்தி வீசினான். முதல் வீச்சில் முள் அவன் சட்டைக் காலரிலேயே மாட்டியது. இரண்டாவதில் கொம்பையாவின் துண்டு தண்ணீருக்குள் போய் வந்தது. மூன்றாவதுதான் ஏரியில் விழுந்தது. அரை மணி நேரம் கழித்துத் தக்கை முழுக, ஆவலாக இழுத்தால், ஒரு கம்பெனி கையுறை வந்தது. நயினார் அதைப் புரட்டிப் பார்த்துக் கிழிசலா என்று சோதிக்க ஆரம்பித்தான்.

"அதுக்கும் பொட்டு வச்சிராதிய மாப்ள" என்றார் கொம்பையா.

அடுத்து விரல் நீளத்தில் ஒரு ஜிலேபி மீன் வந்தது.

"இது கெண்டையாப்பா?" என்றாள் முத்துச்செல்வி.

"உங்க அம்மா கணக்குல இது மீனே இல்லம்மா" என்று கொம்பையா அதைத் தண்ணீரிலேயே விட்டார்.

வெயில் ஏறியது. நயினாருக்கு உரக்கடை கண் முன்னால் வந்தது. யூரியா மூட்டை, சுவரில் மாமனாருக்கு மாமனாரின் படம், அதற்குக் கீழே ஒரு மர நாற்காலி.

"நானும் மெட்ராசுலதான் மாப்ள இருந்தேன்" என்றார் கொம்பையா திடீரென்று, தக்கையைப் பார்த்தபடியே. "பெரம்பூர்ல லேத் பட்டறை. நல்ல வேலை. கல்யாணமான மறு மாசம் என் மாமனார் கூப்புட்டு அந்த நாக்காலியில உக்காரச் சொன்னாரு. உக்காந்தேன். முப்பது வருசம் ஆச்சு, இன்னும் எந்திரிக்கல."

நயினார் தூண்டிலை மாற்றிப் பிடித்தான்.

"சும்மா உக்காந்திருக்கது எம்புட்டு சொகமா இருக்கு" என்றார் கொம்பையா. "நான் இப்பிடி உக்காந்து ரொம்ப நாளாச்சு."

போன் அடித்தது. வீடியோவில் சொர்ணம்மாளின் முகம் திரை முழுவதும் நிறைந்தது.

"என்ன, மீனு ஏறிச்சா? இல்ல, ஏரியே வத்திப்போச்சா?"

"இரு சொர்ணம்" என்று கொம்பையா போனை ஏரிப் பக்கம் திருப்பினார். பிறகு, தூசி ஏதோ போய்விட்டதுபோல மூன்று முறை பலமாகச் செருமினார்.

தக்கை மெல்லக் கோரைப் பக்கமாக நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"மாப்ள!"

'பொளக்'கென்று தக்கை முழுகியது. நயினார் இரண்டு கையாலும் இழுத்தான். மூங்கில் வில்லாக வளைந்தது. முத்துச்செல்வி ஓடிவந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுராதீங்க!"

"ஏட்டி, நீயும் சேந்து உள்ள போயிராத!" என்று போனுக்குள்ளிருந்து சொர்ணம்மாள் அலறினாள்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து கரையில் விழுந்து துள்ளியது, மூன்று கிலோவுக்குக் குறையாத கெண்டை. முழு வாலோடு, ஒரு செதில் குறையாமல்.

நயினாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோரைக்குள் சுப்பராயன் இல்லை. யாரும் இல்லை. இது அவன் பிடித்தது. அவன் செய்த தக்கை, அவன் வீசிய முள், அவன் இழுத்த மீன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, நிஜமாகவே!

"அத்தை, பாத்துக்கோங்க!" என்று மீனைத் தூக்கிப் பிடித்தான்.

சொர்ணம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "வாலைக் காட்டுங்க."

காட்டினான்.

"அந்தப் பக்கம்."

திருப்பிக் காட்டினான்.

"பொட்டு எங்க?"

"எ... என்ன பொட்டு அத்தை?"

"போட்டோவுல வந்த பதினோரு மீனுக்கும் வாலுல பச்சைப் பொட்டு இருந்துச்சு. நான் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்திருக்கேன். எங்க தெருவு பூரா காட்டியிருக்கேன். அந்த ஏரிக் கெண்டைக்கு அதுதான அடையாளம்!"

"ஆமாங்க" என்றாள் முத்துச்செல்வியும். "ஆய்ஞ்சு கழுவும்போது நானே பாத்திருக்கேன். எல்லாத்துலயும் இருந்துச்சு."

"அப்ப இது அந்த ஏரி மீனு இல்ல" என்றாள் சொர்ணம்மாள். "கடையில வாங்கின மீனு! மாப்ள, என் கண்ணுல மண்ணத் தூவப் பாத்தீயளா?"

பதினோரு பொய் மீனும் பாஸ் ஆகிவிட்டன. ஒரே ஒரு நிஜ மீன், ரிஜெக்ட்!

"ஏ சொர்ணம், சொர்ணம்!" கொம்பையா போனை உலுக்கினார். "சத்தம் வெட்டி வெட்டி வருது. டவர் இல்ல. இரு, மேட்டுக்குப் போறேன். ஏம்மா முத்து, இங்க வந்து இந்தப் போனு என்னன்னு பாரு." போனை வானத்தைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தபடி, மகளையும் கூட்டிக்கொண்டு கரை மேட்டில் ஏறினார். "அந்தா பாரு சொர்ணம், கொக்கு! எம்புட்டு வெள்ளையா இருக்கு பாரு!"

நயினாரின் கை சட்டைப் பைக்குப் போனது. மார்க்கர் இருந்தது.

சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து, நல்ல சரக்குக்கு மட்டும்தான் அவன் பச்சை வைத்திருக்கிறான். இதுவும் நல்ல சரக்குதான். இதைவிட நல்ல சரக்கு இந்த ஏரியிலேயே கிடையாது. வேட்டி நுனியால் வாலைத் துடைத்தான். 'டொக்'. ஊதிக் காயவைத்தான்.

கொம்பையா இறங்கி வந்தார். "டவர் வந்துட்டு. மாப்ள, மீனை நல்லா வெளிச்சத்துல காட்டுங்க. நிழல்ல பிடிச்சா என்னத்தத் தெரியும்?"

காட்டினான். திரையில் சொர்ணம்மாளின் முகம் நெருங்கி வந்தது. நெற்றி, பிறகு ஒரே ஒரு கண்.

"அட, இருக்கே! இதுல்லா அசல்!" அவள் குரலே மாறிவிட்டது. "வயசாயிட்டு மாப்ள, கண்ணு மங்கிப்போச்சு. தப்பா நினைக்காதீய. நீங்க அங்கயே சௌகரியமா இருங்க. கடையை இவுக பாத்துக்கிடட்டும். முத்து, அந்தப் பொட்டை மட்டும் வெட்டிராம, தலையைக் குழம்புல போடு."

போன் அணைந்தது. முத்துச்செல்வி மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு கழுவப் போனாள்.

நயினார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வேலை பிழைத்தது. ஏரி பிழைத்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மாப்ள."

"போட்டோவுல அனுப்பின மீனெல்லாம் விலைக்கு வாங்கினது. எனக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது. அந்தப் பொட்டு கூட, இப்ப நான் வச்சதுதான்." தூண்டிலைக் கீழே வைத்தான். "ஆனா இந்த மீனு மட்டும் சத்தியமா நான் புடிச்சது மாமா. நீங்களாவது நம்பணும்."

கொம்பையா அவன் தோளில் கையைப் போட்டார்.

"நம்புதேன் மாப்ள. என் கண்ணு முன்னாலதான புடிச்சீக. உங்களைப் போல ஒரு மீன்காரனை நான் பாத்ததே இல்ல."

நயினார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். காற்று கிழக்கிலிருந்து நன்றாகத்தான் வந்தது.

அப்போது கரை மேட்டிலிருந்து, தலையில் கூடையோடு கங்கம்மாள் வேகவேகமாக இறங்கி வந்தாள். நயினாரைத் தாண்டி நேராகக் கொம்பையாவின் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா பெரியவரே, நீ மூணு வாட்டி செருமனதும் எங்க வூட்டுக்காரரு மீனை மாட்டி வுட்டுட்டாரு; இன்னொண்ணு மாட்டணுமா, இல்ல கோரைய வுட்டு வெளிய வந்துடலாமான்னு கேக்கறாரு!"